டேனியலை அடித்தது யார்

ஜூலை 14, திங்கள்

காலையிலிருந்து சாரல். பூத்துக்குள் தண்ணீர். வாசல்படியில் சாக்கு போட்டேன். ஐ.எஸ்.டி. லைன் பதினொரு மணி வரை டெட். எக்ஸ்சேஞ்சுக்கு இரண்டு தடவை சொல்லியாயிற்று.

வாங்க வேண்டியது: பில் மெஷினுக்குப் பேப்பர் ரோல், துவரம்பருப்பு, மகள் பத்மாவுக்கு ரெக்கார்டு நோட்டு.

நேற்று சாயங்காலம் நடந்ததை எழுதிவிடுகிறேன். மனசுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை என்றால் ஆப்பிரிக்கப் பிள்ளைகள் எல்லாரும் நம் பூத்துக்குத்தான் வருவார்கள், வீட்டுக்குப் பேச. கென்யாவிலிருந்து வந்து இங்கே பல்கலைக்கழகத்தில் படிக்கிறவர்கள். டேனியல் எம்.காம். கிரேஸ் பி.எஸ்ஸி. கடைசி வருஷம். டேனியல் உள்ளே அவன் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தான். கிரேஸ் வெளியே தன் முறைக்காக நின்றிருந்தாள். பைக்கில் இரண்டு பேர். இந்தத் தெரு ஆட்கள் இல்லை. ஒருவன் அவளுடைய பொடிப்பொடிப் பின்னலைப் பிடித்து இழுத்து, இது மயிரா கம்பளியா என்று கன்னடத்தில் கேட்டான். கையைத் தட்டிவிட்டாள். கன்னத்தில் அறைந்துவிட்டான்.

டேனியல் ரிசீவரை அப்படியே போட்டுவிட்டு வெளியே வந்து அவனைத் தள்ளினான். தள்ளினான், அவ்வளவுதான். அவன் பைக்கோடு விழுந்தான்.

அதற்குள் கூட்டம். "கரியன் ஹொடெதா" என்று யாரோ கத்தினார்கள். கறுப்பன் அடித்துவிட்டான். அதுவே செய்தியாகிவிட்டது. கிரேஸ் வாங்கிய அறையைப் பற்றி யாரும் பேசவில்லை. ஜீப் வந்தது. டேனியலை மட்டும் ஏற்றினார்கள். ஏறும்போதே முழங்காலுக்குப் பின்னால் லத்தி அடி. "சார், அவன் இல்ல சார், அந்தப் பையன்தான் மொதல்ல" என்றேன். சொன்னேனா? என் குரல் எனக்கே கேட்கவில்லை.

உள்ளே வந்தால் ரிசீவர் தொங்கிக்கொண்டிருக்கிறது. எடுத்தேன். "டானி? டானி?" என்று ஒரு பொம்பளைக் குரல். மீட்டர் ஓடுகிறது. எனக்கு வந்த இங்கிலீஷில், "ஆஃப்டர் கால், மதர், ஆஃப்டர் கால்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஜூலை 15, செவ்வாய்

சாரல் விட்டது. சுமாரான வெயில். துணி காய்ந்தது.

டேனியலைக் காலையில் விட்டுவிட்டார்கள். கிரேஸும் இன்னும் சிலரும் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து நேரே பூத்துக்கு. இடது காதில் பஞ்சு. செவிப்பறை கிழிந்துவிட்டதாம். ஸ்டேஷனில் ஒரே ஆள் காதோடு சேர்த்து அறைந்துகொண்டே இருந்தானாம். யாரென்று தெரியாது. சட்டையில் பெயர்ப் பட்டை இல்லை.

அம்மாவுக்குப் போன் போட்டான். அங்கேயும் பி.பி. நம்பர்தான். பக்கத்துக் கடைக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி போட வேண்டும். பழக்கத்தில் ரிசீவரை இடது காதில் வைத்தான், பிறகு வலதுக்கு மாற்றினான். சிரித்துச் சிரித்துப் பேசினான். அவர்கள் பாஷையில் அம்மாவை 'மாமா' என்பார்கள். முதன்முதலில் கேட்டபோது தாய்மாமனோடு பேசுகிறான் என்று நினைத்துக்கொண்டேன், போன வருஷம்.

என்ன சொன்னாய் என்று கேட்டேன். லைன் கட்டாகிவிட்டது, இந்தியாவில் மழை என்று சொன்னானாம்.

"சாரி, டேனியல்" என்றேன்.

"நீங்கள் ஏன் ஆன்ட்டி?" என்றான். கோபமாக இல்லை. பில்லைக் கிழித்துக் கொடுத்தேன்.

வீட்டில் அவரிடம், நான் பார்த்ததை ஸ்டேஷனில் போய்ச் சொல்லப்போகிறேன் என்றேன். ஃபேக்டரியிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். பிறந்த ஊரான அனூர்ப் பேச்சு இன்னும் மாறவில்லை இவருக்கு.

"உனக்கெதுக்குப் புள்ள இந்த வம்பு? நாமளே பொழைக்க வந்தவிய."

"நான் இங்கயே பொறந்தவங்க."

"தொண்ணூத்தொண்ணுல கல்லெடுத்துக்கிட்டு வந்தவனுக பொறந்த சர்ட்டிபிகேட்டக் கேட்டானுகளா?"

பத்மா டி.வி. சத்தத்தைக் கூட்டினாள். ரசத்தில் உப்பு அதிகம்.

ஜூலை 16, புதன்

ஸ்டேஷன். பூத்தைப் பத்மாவிடம் விட்டுவிட்டுப் போனேன். வெகுநேரம் உட்கார வைத்துவிட்டு இன்ஸ்பெக்டர் கூப்பிட்டார். மரியாதையான மனுஷன். உட்காரச் சொன்னார். எல்லாம் கன்னடத்தில்.

"சொல்லும்மா."

சொன்னேன். பைக், பின்னல், அறை, தள்ளினது. குறுக்கே பேசாமல் கேட்டார். பேனாவைத் தொடவே இல்லை.

"பூத் லைசென்ஸ் யார் பேர்ல?"

"என் பேர்ல சார்."

"வீட்ல என்ன பாஷை?"

"தமிழ்."

"அப்படியா. நம்ம ஊர்ல உங்களுக்கு ஏதாவது தொந்தரவு இருக்கா?"

"இல்ல சார்."

"சந்தோஷம். அப்படியே இருங்க."

அவ்வளவுதான். வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றேன். என் பஸ் வந்தது, போனது. ஏறவில்லை. என்னவென்று புரிய அவ்வளவு நேரம் ஆயிற்று. அவர் மிரட்டக்கூட இல்லை. குசலம் விசாரித்தார்.

கொத்தவரங்காய் நன்றாக இருந்தது. வாங்காமல் வந்துவிட்டேன்.

ஜூலை 17, வியாழன்

சிவண்ணா வந்தார். பூத் இருக்கும் கட்டடம் அவருடையது. மண்டி மொஹல்லாவில் வெல்ல மண்டி வைத்திருக்கிறார். வழக்கம்போலப் பத்மாவுக்கு ஒரு அச்சு வெல்லம்.

"நோடி, பாருங்க சரோஜம்மா, நீங்க எனக்குத் தங்கச்சி மாதிரி. அதனால சொல்றேன். இந்தப் பசங்க இங்க கூட்டம் சேர வேண்டாம்."

"போன் பண்ணத்தான் வராங்கண்ணா."

"ஒவ்வொருத்தரா வரட்டும், போகட்டும். நிக்க வேண்டாம். ஸ்டேஷன்ல இருந்து நேத்து மண்டிக்கு ஆள் வந்துட்டுப் போனாங்க."

"அந்தப் பொண்ணைத்தான் மொதல்ல அடிச்சாங்கண்ணா. நான் பாத்தேன்."

"பாத்திருப்பீங்க. இல்லன்னு சொல்லலையே நான்."

காப்பி குடித்தார். அவருடைய பி.பி. மாத்திரையைப் பற்றிப் பேசினோம். அவர் வீட்டம்மா லலிதக்காவுக்கு முழங்கால் வலி. போய்விட்டார்.

என் வாயில் ஒன்று வந்து வந்து நின்றது. கேட்கவில்லை. தொண்ணூற்றொன்றில், காவிரிக் கலவரத்தின்போது எங்கள் வரிசையில் தமிழ் வீடுகளுக்குக் கல் விழுந்த அன்று, எங்களை மண்டி கோடவுனில் வைத்து வெளியே பூட்டுப் போட்டுக் காப்பாற்றியவர் இவர்தான். வெல்ல மூட்டைகளுக்கு நடுவே நாங்கள் மூன்று பேர். ராத்திரி ஜன்னல் வழியாகச் சோறு கொடுத்தார் லலிதக்கா. கும்பல் வந்து கேட்டபோது, "இங்கே யாரும் இல்லை" என்று அவர் சொன்னது எங்கள் காதில் விழுந்தது. குரல் நடுங்கவே இல்லை.

அந்த மனுஷனிடம் நான் என்ன பேசுவேன்.

ஜூலை 18, வெள்ளி

ஆஷாட வெள்ளி, நம் ஆடி வெள்ளி மாதிரி. மலைக்குப் போகிற கூட்டம், விடியற்காலையிலிருந்து. பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. போலீஸ் எல்லாம் சாமுண்டி மலை பந்தோபஸ்தில். இந்த வருஷமும் நான் போகவில்லை.

மத்தியானம் கிரேஸ் வந்தாள். திங்கட்கிழமை ஊர்வலமாம், பெரிய போலீஸ் ஆபீஸ் வரை. கோஷம் கிடையாது, வாய் திறக்காமல் நடப்பது. மூர்த்தி சார் என்று ஒரு வக்கீல் உதவுகிறார். போர்டு சிலது கன்னடத்தில் வேண்டும், எழுதித் தர முடியுமா என்று கேட்டாள்.

போனேன். அவள் ரூமில் தரை முழுக்க சார்ட் பேப்பர். டேனியல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். இடது பக்கம் யாராவது பேசினால் அவனுக்குத் தெரிவதில்லை. தெரியவில்லை என்பதும் தெரிவதில்லை.

மூர்த்தி சார் 'நாங்களும் மனிதர்களே' என்று எழுதச் சொன்னார். நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்து ஸ்கெட்ச் பேனாவை எடுத்தேன்.

"வேண்டாம்" என்றாள் கிரேஸ். "அதை நாங்கள் ஏன் சொல்ல வேண்டும்? யாருக்குச் சந்தேகம்?"

மூர்த்தி சார் முகம் ஒரு மாதிரியாயிற்று. என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

கடைசியில் 'டேனியலை அடித்தது யார்?' என்று எழுதினோம். ஒரே வரி. எல்லாப் போர்டிலும் அதுவே. என் 'ட' எப்போதும் கோணும். பரவாயில்லை என்றார்கள்.

வீட்டில் அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

ஜூலை 21, திங்கள்

கால் வலி. புடவை ஓரம் எல்லாம் சேறு.

பூத்தைப் பூட்டிவிட்டுப் போனேன். பல்கலைக்கழக வாசலில் நான் நினைத்ததைவிடக் குறைவான கூட்டம். கென்யா, சூடான், டான்சானியா. நம் ஊர்ப் பிள்ளைகள் விரல் விட்டு எண்ணலாம். எங்கே நிற்பது என்று தெரியவில்லை. முன்னால் நின்றால் என்னைக் காட்டிக்கொள்கிற மாதிரி. பின்னால் போனால் ஒளிகிற மாதிரி. கிரேஸ் பார்த்துவிட்டு, "கடைசி வரிசை, ஆன்ட்டி. யாராவது கல் கில் எறிந்தால் கன்னடத்தில் திட்டுங்கள்" என்றாள். சிரித்தாள் என்று நினைக்கிறேன்.

நடந்தோம். மழை பிடித்தது. போர்டில் எழுத்து கரைந்து ஒழுகியது.

வழியில் காதில் விழுந்தவை:
"எந்தப் பார்ட்டி இது?"
"சர்க்கஸ் வந்திருக்கா?"
"ஒரு பொம்பள போறா பாரு கூட, நம்ம ஊர்க்காரி மாதிரி இருக்கா."

முந்தானையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டேன். மழைக்காக மட்டும் இல்லை.

ஆபீஸ் வாசலில் மூர்த்தி சார் கன்னடத்தில் பேசினார். நீளமாக. வெள்ளைக்காரன், காலனி, உலக வங்கி. பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. டேனியல் மழையில் நின்றுகொண்டே இருந்தான். அவனைப் பேசச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை.

ஐந்து பேரை உள்ளே விட்டார்கள். மொழிபெயர்க்க என்று என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். மேலதிகாரிக்கு இங்கிலீஷ் வரும். மேஜை மேல் இங்கிலீஷ் பேப்பர்தான் கிடந்தது. ஆனாலும், "இத்தனை வருஷம் இருந்தும் கன்னடம் வராதா இவங்களுக்கு" என்று கன்னடத்திலேயே பேசினார்.

டேனியல் எழுதிக் கொடுத்த புகாரைப் படித்தார். பிறகு மூர்த்தி சாரைப் பார்த்து: "படிக்க வந்தா படிச்சிட்டுப் போகணும். காட்ல இருந்து நேரா வந்தவங்களுக்கு மரியாதை நாமதான் கத்துக்குடுக்கணும் போல."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"நன்றாகப் படிக்கச் சொல்கிறார். விசாரிப்பாராம்" என்றேன் இங்கிலீஷில்.

டேனியல் தலையாட்டினான். கிரேஸ் ஆட்டவில்லை. காய்கறிக் கடையிலும் ஆட்டோவிலும் பேசிப் பேசி அவளுக்குக் கன்னடம் கொஞ்சம் ஏறியிருக்கிறது.

"காடு என்று சொன்னார். அதை விட்டுவிட்டீர்கள்."

"அது... வேண்டாம் கிரேஸ்."

"நாங்கள் எதைக் கேட்க வேண்டும் என்று நீங்கள் முடிவு பண்ணாதீர்கள், ஆன்ட்டி. சொன்னதைச் சொல்லுங்கள்."

சொன்னேன். அவர் முன்னாலேயே, வார்த்தைக்கு வார்த்தை. என் வாயால். டேனியல் வலது காதை என் பக்கம் திருப்பிக் கேட்டுக்கொண்டான். "தேங்க் யூ" என்றான். அதிகாரி பேப்பர் வெயிட்டைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

நல்லது செய்வதாக நினைத்துத்தான் முதலில் மறைத்தேன். இப்போதும் எது சரி என்று கேட்டால், அவள் சொன்னதுதான். ஆனால் அந்த வார்த்தை இன்னும் என் நாக்கில் இருக்கிறது.

ஜூலை 22, செவ்வாய்

கன்னடப் பேப்பரில் நாலாம் பக்கம், ஒரு சின்னப் படம். மூர்த்தி சார் மைக்குடன். டேனியலின் தோள் மட்டும் தெரிகிறது. நான் இல்லை. இல்லாதது நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி பிடிக்கவில்லை.

அவருக்கு விஷயம் ஃபேக்டரியில் தெரிந்துவிட்டது. சாப்பிட்டார், படுத்தார். ஏன் போனாய் என்றாவது கேட்டிருக்கலாம்.

ஜூலை 23, புதன்

காலையில் திறக்கப் போனால் பூத் கண்ணாடி முழுக்கத் தார். பலகையிலும். 'எஸ்.டி.டி.' தெரிகிறது, மற்றது எல்லாம் கறுப்பு. எதிர் டெய்லர் கடைக்காரர் எதையும் பார்க்கவில்லை. டீக்கடைக்காரர் பார்க்கவில்லை. ராத்திரி நடந்திருக்கும் என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள்.

நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். வாடிக்கைக்காரர்கள் வந்தார்கள், பார்த்தார்கள், அடுத்த தெரு பூத்துக்குப் போனார்கள்.

பத்மா போய்ச் சொல்லியிருக்கிறாள். அவர் கெரசின் டின்னோடும் பழைய லுங்கித் துணியோடும் வந்தார். இரண்டாம் ஷிஃப்டுக்கு லீவு சொல்லிவிட்டாராம். மத்தியானம் வரை துடைத்தார். தார் போகவில்லை, பரவத்தான் செய்தது. பிளேடு வைத்துச் சுரண்டினார்.

"தொண்ணூத்தொண்ணுலயும் இதே தாருதான்" என்றார். "நம்ம அய்யன் கடைப் போர்டுல. எழுத்து தமிழ்ல இருந்துச்சுன்னு." அவர் அப்பாவின் கடையைச் சொல்கிறார்.

"நான் போயிருக்கக் கூடாதோ?"

ரொம்ப நேரம் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியில புள்ள."

பதினெட்டு வருஷத்தில் இவர் தெரியவில்லை என்று சொல்லி நான் கேட்டதில்லை.

ஜூலை 25, வெள்ளி

சிவண்ணா. இந்தத் தடவை உட்காரவில்லை. தசரா வரை இருங்கள், அதற்குப் பிறகு வேறு இடம் பாருங்கள் என்றார். மருமகனுக்கு ஜெராக்ஸ் கடை வைத்துக் கொடுக்கிறாராம்.

இன்று கேட்டேன். "அண்ணா, அன்னிக்கு எங்கள உள்ள வெச்சுப் பூட்டினீங்களே. நாங்க என்ன தப்புப் பண்ணினோம், பண்ணலன்னு நீங்க கேக்கல."

அவர் தாரின் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு வந்தது கும்பல், சரோஜம்மா. போலீஸ் வந்திருந்தா என்ன செஞ்சிருப்பேன்னு எனக்குத் தெரியாது."

கண் கலங்கியிருந்தது அவருக்கு. நான் கோபப்படக்கூட வழி விடவில்லை.

இட்லி மாவு புளித்துவிட்டது.

ஜூலை 28, திங்கள்

டேனியல் புகாரை வாபஸ் வாங்கிவிட்டான்.

வெளிநாட்டுப் பிள்ளைகள் வருஷா வருஷம் தங்குகிற பர்மிட்டைப் புதுப்பிக்க வேண்டும். அதுவும் போலீஸிடம்தான். அவனுடையது இந்த மாதத்தோடு முடிகிறது. பேப்பர் கொடுக்கப் போனபோது கவுண்டரில் இருந்தவர் புகாரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லையாம். ஃபைலைத் திறந்து, மூடி, இது ஆகாது போலிருக்கிறதே என்றாராம். இரண்டு நாள் யோசித்திருக்கிறான். இன்று காலை வாபஸ். மத்தியானம் பர்மிட்டில் முத்திரை.

மூர்த்தி சார் பூத்தில் வந்து சத்தம் போட்டார். கேஸ் அவ்வளவு வலுவாக இருந்ததாம். ஹைகோர்ட் வரை போயிருக்கலாமாம். யார் பரீட்சை எழுதுவது, யார் ஊர் திரும்புவது என்று கேட்க நினைத்தேன். அவரும் பாவம், காசு வாங்காமல் அலைந்தவர்.

சாயங்காலம் டேனியல் வந்தான். என் எதிரில் நின்றான், தப்புப் பண்ணிய பிள்ளை மாதிரி.

"உங்களுக்கு வருத்தமா, ஆன்ட்டி? உங்கள் கடைக்குத் தார் பூசினார்கள். கடையே போகப்போகிறது. நான் பாதியில் விட்டுவிட்டேன்."

அடி வாங்கினவன் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறான். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

"நீ நன்றாகப் படி" என்றேன். அந்த அதிகாரி சொன்னதாக நான் சொன்ன அதே வாக்கியம். சொன்ன பிறகுதான் உறைத்தது.

ஜூலை 30, புதன்

மழை இல்லை. புது இடம் பார்க்கப் போனோம், அவரும் நானும். இரண்டு இடம். ஒன்று சந்துக்குள். இன்னொன்றில் வீட்டுக்காரம்மா, "அந்தக் கறுப்புப் பசங்க வருவாங்களே, அந்த பூத்தா?" என்று கேட்டார்.

"ஆமாங்க. வருவாங்க" என்றார் இவர்.

வேறு பார்க்க வேண்டும்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

காற்று. ஆஷாடத்தின் கடைசி வெள்ளி. பூக்காரி மல்லிகை விலையை ஏற்றிவிட்டாள்.

திறந்த கொஞ்ச நேரத்தில் கிரேஸ் ஓடிவந்தாள். இத்ரிஸ் என்று சூடான் பையன், முதல் வருஷம். நேற்று மார்க்கெட்டில் மொபெட் உரசிய தகராறு. அவனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்களாம். டேனியல் வர மாட்டான். வரக் கூடாது என்று கிரேஸே சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். மூர்த்தி சார் பெங்களூரில். யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் இங்கே வந்திருக்கிறாள்.

என்னால் என்ன ஆகும் என்று அவளிடம் கேட்கவில்லை. அவளுக்கும் தெரியும். கடைக்கு இவரைக் கூப்பிட்டேன்.

"ஷிஃப்டுக்கு முன்ன வந்துரு" என்றார், அவ்வளவுதான்.

ஸ்டேஷன். முன்பு பார்த்த இன்ஸ்பெக்டர் இல்லை, மலை பந்தோபஸ்துக்குப் போயிருந்தார். பையனைப் பார்க்க வேண்டும் என்றோம். முடியாது. சாப்பாடு கொடுக்கலாமா. முடியாது. என்ன கேஸ். சார் வந்தால்தான் தெரியும்.

வாசலில் நின்ற கான்ஸ்டபிள் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்க யாரும்மா? அவனுக்கு என்ன ஆகணும் நீங்க?"

சொந்தம் இல்லை. வக்கீல் இல்லை. சாட்சியும் இல்லை, இந்தத் தடவை நான் எதையும் பார்க்கவில்லை.

கிரேஸ் தன் உடைந்த கன்னடத்தில் சொன்னாள்: "நம் ஜொதெ பந்தவரு." எங்களோடு வந்தவர்.

அவர் பெஞ்சைக் காட்டினார். உட்கார்ந்தோம். உள்ளேயிருந்து யாரோ அடி வாங்கிக் கத்துகிற சத்தம் வந்தது. நிற்கும், மறுபடி வரும். கிரேஸ் எழுந்து எழுந்து உட்கார்ந்தாள். அது அவன்தானா என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. இரண்டு பேரும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.